தோட்டா படாமல் இறந்த பிள்ளைகள்: அல்ஜீரியாவின் முட்கம்பிக் கிராமங்கள்



அல்ஜீரியா என்றதும் நமது பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது உதைபந்தாட்டம். கொஞ்சம் வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த நாட்டின் விடுதலைப் போர் ஞாபகம் வரும். அதிலும் அல்ஜியர்ஸ் நகரத்தின் குறுகிய சந்துகள், குண்டுவெடிப்புகள், சிறைகளில் நடந்த சித்திரவதைகள் என்பவைதான் பலருக்கும் தெரியும். 1966இல் வந்த 'அல்ஜியர்ஸ் போர்' என்ற திரைப்படமும் அந்த நகரத்துக் கதையைத்தான் உலகம் முழுக்கக் கொண்டு போனது.

ஆனால் அன்றைய அல்ஜீரிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் நகரவாசிகள் அல்ல. மலைகளிலும் மலையடிவாரங்களிலும் ஆடு வளர்த்து, பார்லி விதைத்து வாழ்ந்த ஏழை விவசாயிகள். அவர்களில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் சொந்த வீட்டிலிருந்து எழுப்பப்பட்டு, இராணுவக் காவலுக்குக் கீழே முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது. சற்று நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் கரையில் இறங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளில் நல்ல சமவெளி நிலங்கள் படிப்படியாக ஐரோப்பியக் குடியேற்றக்காரர்களின் கைக்குப் போயின. 1871இல் மொக்ரானி தலைமையில் நடந்த கிளர்ச்சியை அடக்கிய பிறகு, அதற்குத் தண்டனையாக மட்டும் இலட்சக்கணக்கான ஹெக்டயர் நிலம் பறிக்கப்பட்டது. நிலத்தை இழந்தவர்கள் மேலே, கல்லும் சரிவுமான மலைப்பக்கம் ஒதுங்கினார்கள். ஆகவே 1954இல் போர் தொடங்கும்போது மலையில் இருந்த விவசாயிகளில் பலர், ஏற்கெனவே ஒருமுறை தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது இன்னும் நன்றாக விளங்கும்.

1954 நவம்பர் 1ஆம் திகதி தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. பிரான்ஸ் அதைப் போர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அல்ஜீரியா பிரான்ஸின் ஒரு பகுதி, சொந்த நாட்டுக்குள் போர் நடக்காது, நடப்பது ஒழுங்கைப் பேணும் நடவடிக்கை என்றார்கள். பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை அல்ஜீரியப் போர் என்று சட்டத்தில் எழுத 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயரை மாற்றுவது இங்கே மட்டும் நடக்கவில்லை. மக்களை வெளியேற்றுவதற்கு 'மீளக் குழுவாக்கல்' என்று பெயர் வைத்தார்கள். முகாமுக்கு 'நிலையம்' என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. 'முகாம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஐரோப்பியர்களுக்கு நாஸிகளின் ஞாபகம் வந்த காலம் அது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் இருந்தது: 'பாதுகாப்பு'. மக்களைப் போராளிகளிடமிருந்து பாதுகாக்கவே அவர்களைக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

உண்மையான காரணம் வேறு. போராளி மக்களுக்குள் மீனைப்போல நீந்துகிறான் என்று மா சேதுங் சொன்னதை இந்தோசீனாவில் தோற்றுத் திரும்பிய பிரெஞ்சு அதிகாரிகள் நன்றாகப் படித்திருந்தார்கள். மீனைப் பிடிக்க முடியாவிட்டால் குளத்து நீரை இறைத்துவிடலாம் என்பதே அவர்களுடைய கணக்கு. மலையில் மக்கள் இல்லாவிட்டால் போராளிக்குச் சோறு இல்லை, தகவல் இல்லை, ஒளிந்துகொள்ள வீடும் இல்லை.

இது பிரான்ஸ் கண்டுபிடித்த முறையும் அல்ல. 1896இல் கியூபாவில் ஸ்பானிய ஜெனரல் வெய்லர் கிராம மக்களை நகரங்களுக்குள் அடைத்தார். பட்டினியிலும் நோயிலும் பெருந்தொகையானோர் இறந்தார்கள். மலாயாவில் 1950 முதல் பிரித்தானியர் ஏறத்தாழ 5 இலட்சம் பேரை, அதிலும் பெரும்பாலும் சீன வம்சாவளியினரை, 'புதிய கிராமங்களுக்கு' மாற்றினார்கள். கென்யாவில் 1954, 1955 ஆண்டுகளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிக்குயு மக்களை வேலியும் அகழியும் சூழ்ந்த கிராமங்களுக்குள் தள்ளினார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெயர் வேறாக இருந்தது. செய்கை ஒன்றுதான்.

அல்ஜீரியாவில் இது 1955இல் ஓரெஸ் மலைப்பகுதியில், ஜெனரல் பார்லாஞ்சின் பொறுப்பில் தொடங்கியது. 1957இல் துனீசிய எல்லை நெடுக மின்சாரம் பாய்ச்சிய மோரிஸ் வேலி கட்டப்பட்டபோது எல்லையோரக் கிராமங்களும் காலியாகின. 1959இல் ஜெனரல் ஷால் பெரும் படை நடவடிக்கைகளைத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

நடைமுறை ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். ஒரு மலைப்பகுதியை வரைபடத்தில் கோடு போட்டு 'தடைசெய்யப்பட்ட வலயம்' என்று அறிவிப்பார்கள். அதற்குள் நடமாடும் யாரையும் சுடலாம். படை வந்து மக்களை எழுப்பும். கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். போராளிகள் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் வீடுகளைக் கொளுத்தினார்கள், கூரைகளை இடித்தார்கள். ஆடுமாடுகளில் கொஞ்சம் கூட வந்தது. மிச்சம் செத்தது, அல்லது அரைவிலைக்கும் குறைவாக விற்றுப்போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் கூடாரம், அல்லது தாங்களே கட்டிக்கொள்ள வேண்டிய குடிசை. சுற்றிவர முட்கம்பி, காவல் கோபுரம், இரவில் ஊரடங்கு. வெளியே போக வேண்டுமானால் பாஸ் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்த மக்களை வரிசையில் நிற்கவைத்துச் சுடவில்லை. ஓரளவு உணவும் கொடுத்தார்கள். சில இடங்களில் பாடசாலை நடத்தினார்கள், மருந்து கொடுத்தார்கள். அப்படியானால் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள்?

இதற்கு மலை விவசாயியின் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவனிடம் பணம் மிகக் குறைவு. ஆனால் கொஞ்சம் பார்லி, ஆட்டுப்பால், கோழி முட்டை, உலர்த்திய அத்திப்பழம், ஒலிவ் எண்ணெய், மலைச்சரிவில் பொறுக்கிய விறகு, ஊற்றுத் தண்ணீர் எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. இந்தப் பல சின்னச் சின்ன வழிகள் சேர்ந்துதான் ஒரு குடும்பம் உயிரோடு இருந்தது. ஏழைதான், ஆனாலும் பட்டினி இல்லை.

முகாமுக்கு வந்த அன்றே இந்த வழிகள் எல்லாம் ஒரேயடியாக அடைபடுகின்றன. வயல் தடை வலயத்துக்குள் கிடக்கிறது. வயல் வலயத்துக்கு வெளியே இருந்தாலும் பல கிலோமீற்றர் நடக்க வேண்டும். காலையில் வாயிலைத் திறந்து மாலையில் மூடுகிற இடத்தில் போய்வரவே பொழுது போய்விடும். ஆடு மேய இடம் இல்லை. ஆடு போனால் பால் போனது. பால் போனால் முலைப்பால் மறந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? மிஞ்சுவது நிவாரணமாக வரும் தானியமும் ரவையும்தான். அதுவும் ஒழுங்காக வருவதில்லை. மாரியில் மலைக்குளிர் எலும்பைத் துளைக்கும். விறகு வெட்டப் போகவும் அனுமதி வேண்டும்.

அதனால்தான் பிள்ளைகள் இறந்தார்கள். யாரும் சுடவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். கோடு போட்டவர் அந்தப் பிள்ளையைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார். பொறுப்பு யாருடையது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். இந்த வகை மரணத்தின் கொடுமையே இதுதான்.

இதை வெளியே கொண்டுவந்தது பிரெஞ்சு அதிகாரிகளில் ஒருவர் என்பதை நாம் நீதியோடு சொல்ல வேண்டும். மிஷேல் ரொக்கார் அப்போது 28 வயதான நிதித்துறைப் பரிசோதகர். பிற்காலத்தில், 1988 முதல் 1991 வரை, பிரான்ஸின் பிரதமராக இருந்தவர் இவர்தான். 1958 இறுதியில் அல்ஜீரியாவுக்குப் பணிக்குப் போன அவர், முகாம்களுக்குச் சென்று பார்த்து, 1959 பெப்ரவரியில் அரசின் பொதுப் பிரதிநிதி போல் டெலூவ்ரியேயிடம் ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த நேரத்திலேயே ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள் என்று அவர் கணக்கிட்டார்.

அந்த அறிக்கையில் ஆவேசம் கிடையாது. கணக்காளர் எழுதுவதுபோல எழுதினார். அதிலுள்ள ஒரு விடயம் வாசித்தவர்களை உலுக்கியது. அவர் பார்த்த அனுபவத்தின்படி, ஒரு முகாமில் 1000 பேர் சேர்ந்தால் அங்கே ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு பிள்ளை இறக்கிறது. மக்களின் உடல் அவ்வளவு நலிந்து போயிருந்ததால், சில இடங்களில் மருந்து கொடுத்தும் பலன் இல்லை என்பதையும் அவர் பதிவு செய்தார்.

ஆசிரியர்களாகிய நாம் இந்த எண்ணை நமது பாடசாலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 1000 பேருள்ள முகாமில் பாதிப்பேர் சிறுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மாணவர்கள் படிக்கும் ஒரு பாடசாலை. இரண்டு நாளைக்கு ஒரு கதிரை காலியாகிறது. வருட முடிவில் இடாப்பில் 180க்கு மேற்பட்ட பெயர்களைச் சிவப்பு மையால் வெட்ட வேண்டும். ஆறு, ஏழு வகுப்புகள் முழுமையாக இல்லாமல் போகின்றன. எல்லா முகாமிலும் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் நடந்தது என்பதல்ல. ஆனால் ஒரு முகாமில் நடந்திருந்தாலும் அது போதாதா?

அறிக்கை இரகசியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 1959 ஏப்ரலில் அது பத்திரிகைகளுக்குக் கசிந்தது. 'லு மொண்ட்' அதன் பகுதிகளைப் பிரசுரித்தது. பிரான்ஸுக்குள் பெரும் சலசலப்பு. பாரிஸில் அமர்ந்து செய்தி கேட்டவர்கள் தங்கள் பெயரால் இப்படியும் நடக்கிறதா என்று கேட்டார்கள். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து நிவாரண அமைப்புகள் பாலும் மருந்தும் கொண்டு முகாம்களுக்குப் போயின. டெலூவ்ரியே ஏற்கெனவே மார்ச் 31ஆம் திகதி, தனது அனுமதி இல்லாமல் புதிய முகாம் எதையும் திறக்கக் கூடாது என்று இராணுவத்துக்குக் கட்டளை அனுப்பியிருந்தார். பின்னர் முகாம்களை நல்ல கிராமங்களாக மாற்றப் போவதாக 'ஆயிரம் கிராமங்கள்' என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது.

நிவாரணத்தால் பல உயிர்கள் தப்பின. அதை மறுக்க முடியாது. ஆனால் முகாம்கள் நின்றனவா? இல்லை. 1959 தொடக்கத்தில் 10 இலட்சமாக இருந்தது, போர் முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இதை முழுமையாக ஆராய்ந்து 1967இல் நூல் வெளியிட்ட மிஷேல் கொர்னத்தோன், முகாம்களில் இருந்தவர்கள் 23 இலட்சத்து 50 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார். அதாவது முஸ்லிம் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். வேறு விதங்களில் சொந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களையும் சேர்த்தால் 35 இலட்சம் அளவில் வரும். துனீசியாவுக்கும் மொரோக்கோவுக்கும் தப்பிப்போன அகதிகள் இதில் சேரவில்லை. இறந்தவர்கள் எத்தனை? 2 இலட்சம்வரை என்று ரொக்கார் பிற்காலத்தில் மதிப்பிட்டார். மலையில் பிறந்த பல பிள்ளைகளின் பிறப்பே பதியப்படாத காலம் அது. அவர்களின் மௌத்தை யார் பதிவார்?

உயிர் தப்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் முக்கியம். 1960இல் பியேர் பூர்தியு என்ற பிரெஞ்சு சமூகவியலாளரும், கபிலியாவைச் சேர்ந்த அவரது மாணவர் அப்துல்மலிக் சயாதும் கொல்லோ, ஊவார்செனிஸ் பகுதி முகாம்களுக்குப் போய் மக்களோடு பேசினார்கள். 1964இல் வெளிவந்த அவர்களது நூலின் பெயர் தமிழில் சொன்னால் 'வேரோடு பிடுங்கல்'.

அவர்கள் கண்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, வீடு. மலைக்கிராமத்தில் வீடுகள் சொந்தபந்தங்களைச் சுற்றி அமைந்திருந்தன. முகாமில் இராணுவ அதிகாரி கயிறு பிடித்து நேர்க்கோட்டில் தெரு போட்டார். யாருக்குப் பக்கத்தில் யார் என்று அவரே தீர்மானித்தார். வாசல்கள் அந்நியரின் கண் படும்படி தெருவைப் பார்த்து நின்றன.

இரண்டு, பெண்கள். கிராமத்தில் சுற்றிவர எல்லோரும் உறவுக்காரர்கள் என்பதால், பெண்கள் வயலுக்கும் ஊற்றுக்கும் தாராளமாகப் போய்வந்தார்கள். ஊற்றடிதான் அவர்கள் கூடிப் பேசும் இடம். முகாமில் பல கோத்திரத்தாரும் படையினரும் நெருக்கமாக இருந்ததால், முன்பு முகத்திரை போடாத பெண்களும் போடத் தொடங்கினார்கள், வீட்டுக்குள்ளேயே அடைபட்டார்கள். பெண்களை விடுவித்து நவீனமாக்குகிறோம் என்று அதே காலத்தில் பிரெஞ்சு அரசு பிரசாரம் செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று, ஆண்கள். முன்பு வருடத்தில் சில மாதங்கள்தான் வயல்வேலை என்றாலும், ஒருவன் தன்னை விவசாயி என்றே சொன்னான். முகாமில் அதே மனிதன் தன்னை 'வேலையில்லாதவன்' என்று சொல்லத் தொடங்கினான். நிலத்தை விட்டதும் உழைப்புக்கு அர்த்தமும் போய்விட்டது. இது எந்தப் புள்ளிவிபரத்திலும் வராத இழப்பு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த மக்கள் இரண்டு பக்கத்தாலும் நெருக்கப்பட்டார்கள். விடுதலை முன்னணியும் கிராமங்களிடம் வரியும் சோறும் கேட்டது. மறுத்தவர்களை, எதிரியோடு சேர்ந்தவர்கள் என்று சந்தேகித்தவர்களைத் தண்டித்தது. 1957 மே மாதம் மெலூஸா பகுதியில், போட்டி இயக்கத்துக்கு ஆதரவானவர்கள் என்று ஏறத்தாழ 300 பேர் முன்னணியின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். விடுதலை நியாயமானது. அதற்காக அந்தக் கொலைகள் நியாயமாகிவிடாது. ஒரு பக்கத்தின் அநீதியைப் பேசும்போது மறுபக்கத்தைப் பேசாமல் விடுவது வரலாறாகாது. அதேநேரம் மெலூஸாவைக் காட்டி 20 இலட்சம் பேரை முட்கம்பிக்குள் போட்டதை நியாயப்படுத்தவும் முடியாது.

1962 மார்ச் 18இல் எவியான் உடன்படிக்கை, மறுநாள் போர்நிறுத்தம், ஜூலை 5இல் சுதந்திரம். முட்கம்பிகள் விழுந்தன. துனீசியாவிலும் மொரோக்கோவிலும் இருந்த ஏறத்தாழ 2 இலட்சம் அகதிகள் ஊர் திரும்பினார்கள். முகாம்வாசிகள் எல்லோரும் மலைக்குத் திரும்பியிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. வீடு இடிந்து கிடந்தது. ஆடு இல்லை, ஏர்மாடு இல்லை, விதை இல்லை. வருடக்கணக்கில் உழாத நிலத்தில் புதர் மண்டிக் கிடந்தது. முகாமில் வளர்ந்த பையனுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. பல முகாம்கள் அப்படியே நிரந்தர ஊர்களாக நிலைத்துவிட்டன. இன்னும் பலர் நகரங்களின் ஓரத்துச் சேரிகளுக்கும், அங்கிருந்து கப்பலேறி பிரான்ஸின் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். தன்னை வெளியேற்றிய நாட்டுக்கே கூலியாகப் போன கதை அது.

சட்டம் என்ன செய்தது? 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆக்கிரமித்த பிரதேசத்தின் மக்களைப் பலவந்தமாக இடம்மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆனால் அல்ஜீரியா தனது சொந்த மண், அங்கே போரே இல்லை என்று பிரான்ஸ் சொன்னதால் அந்தக் கதவு மூடப்பட்டது. ஒரு சொல்லை மறுப்பதன் பயன் இப்போது விளங்குகிறதல்லவா? 1977இல் வந்த இரண்டாவது மேலதிக நெறிமுறையின் 17ஆவது உறுப்புரைதான், உள்நாட்டு மோதலிலும் குடிமக்களை இடம்மாற்றக் கட்டளையிடக் கூடாது என்று எழுதியது. அதிலும் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இராணுவத்தின் தவிர்க்க முடியாத தேவை ஒன்று. மற்றது, அந்த மக்களின் 'பாதுகாப்பு'. அதே சொல்!

உண்மையாகவே மக்களைக் காப்பாற்ற இடம்மாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்பவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேட்டால் போதும். போகிறவர்களிடம் விருப்பம் கேட்டார்களா? ஆடுமாட்டுக்கும் வயலுக்கும் என்ன ஏற்பாடு? பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்? திரும்பும் திகதி எது? அல்ஜீரியாவில் இந்த நான்குக்கும் பதில் இருக்கவில்லை. ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லாத பாதுகாப்பு, யாருடைய பாதுகாப்பு?

இடம்பெயர்வு, முகாம், நிவாரணம், பாஸ் என்ற சொற்களுக்கு நமது ஊர்களில் யாருக்கும் கருத்துச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால் இந்த வரலாறு நமக்குத் தூரத்து வரலாறாகத் தெரிவதில்லை. ஆனால் அல்ஜீரியாவிலிருந்து நாம் கற்க வேண்டியது அனுதாபம் மட்டும் அல்ல. ஓர் இளம் அதிகாரி எண்ணி எழுதியதால்தான், இரண்டு நாளுக்கு ஒரு பிள்ளை என்ற உண்மை இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. எண்ணாமல் விட்டிருந்தால் அவர்கள் இறந்ததும் இல்லை, இருந்ததும் இல்லை.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் இடம்பெயர்ந்த அனுபவமுள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு உட்காருங்கள். எந்த நாள் புறப்பட்டீர்கள், எதைக் கையில் எடுத்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள், வழியில் யார் மௌத்தானார்கள் என்று கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு விடுமுறை வேலையாகவே செய்யலாம். எந்த இனத்தவர், எந்த ஊரவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள்.

அந்த மலைகளின் மையவாடிகளில் பெயரில்லாமல் அடங்கியிருக்கும் சின்னஞ்சிறு கபுர்களுக்காக துஆச் செய்வோம். முடிந்தவர்கள் இந்தப் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.